பின்னறை டிவி

லாயிட் 'வேணாம்' என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வேண்டாம் என்று நினைத்தாலும் அவன் வாயில் அதுதான் வரும். வேண்டும் என்று நினைத்தாலும் அதுதான் வரும். பக்கவாதம் வலது கையையும் வலது காலையும் பேச்சையும் வாரிக்கொண்டு போனபோது போனால் போகிறதென்று விட்டுவைத்த சில சொற்களில் அது ஒன்று.

"இன்னொரு இட்லி வைக்கட்டுமா தம்பி?" என்று கேட்பாள் அண்ணி பிரிஜெட்.

"வேணாம்" என்று சொல்லிக்கொண்டே அவன் வாயைத் திறப்பான். அவள் சிரித்தபடி பிட்டு ஊட்டுவாள். அண்ணன் நோயல் வாசற்படியில் நின்று இதைப் பார்த்துப் பலமுறை சிரித்திருக்கிறான்.

ஜீவனஹள்ளியில் அப்பா கட்டிவைத்துப்போன வீடு அது. முன்னால் ஹால், பின்னால் லாயிட்டின் அறை. கல்யாணம் செய்துகொள்ளாத லாயிட்டுக்கு வேலைதான் எல்லாம். பெரிய வீடுகளில் ஹோம் தியேட்டர் பொருத்துவது அவன் தொழில். மல்லேஸ்வரத்தில் ஒரு பங்களாவின் கூரைக்குள் ஸ்பீக்கர் மாட்டிக்கொண்டிருந்தபோது ஏணியிலிருந்து சரிந்தான். கால் தவறி விழுந்துவிட்டான் என்றுதான் கீழே நின்றவர்கள் முதலில் நினைத்தார்கள்.

நல்ல காலத்தில் தன் வீட்டுக்கும் ஒரு செட் போட்டிருந்தான். ஹால் மேஜையின் அடித்தட்டில் இருந்த கறுப்பு ரிசீவர் அவனுடையது. கேபிள் பெட்டியின் படமும் சத்தமும் அதற்குள் போய், படம் டிவிக்கும் சத்தம் சுவரைச் சுற்றியிருந்த ஸ்பீக்கர்களுக்குமாகப் பிரியும். அதன் முதுகில் டிவிக்கென்று இரண்டு வாய்கள் உண்டு. ஒன்றிலிருந்து ஹால் டிவிக்கு வயர் போனது. இரண்டாவதிலிருந்து சுவரைத் துளைத்துப் பின்னறைக்கு ஒரு வயர் இழுத்து, அங்கே ஒரு பழைய டிவியை மாட்டியிருந்தான். ஹாலில் ஓடுவது அப்படியே அங்கேயும் ஓடும். அன்றைக்கு அதை ஒரு விளையாட்டாகத்தான் செய்தான்.

படுக்கையில் விழுந்த பிறகு அவனுடைய பகல் முழுவதையும் அந்த டிவிதான் தள்ளிக்கொடுத்தது. நோயல் ஆபீசுக்கும் பிரிஜெட் அவள் பாடம் நடத்தும் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கும் கிளம்பும்போது அவள் ஏதாவது ஒரு சேனலைப் போட்டுவிட்டுப் போவாள்; மத்தியானம் வந்து ஊட்டிவிட்டுத் திரும்புவாள். சமையல், சீரியல், கன்னடச் செய்தி எது ஓடினாலும் அவன் பார்ப்பான். இடது கைக்கு எட்டுகிற இடத்தில் ரிமோட் கிடக்கும். தூக்கம் வந்தால் அணைப்பான், விழித்தால் போடுவான். வேறு எதையும் அவன் இஷ்டத்துக்குச் செய்ய முடியாது.

அப்படியிருக்கையில் நோயல் ஹாலுக்குச் சுவரளவு ஒரு புது டிவி வாங்கினான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேட்ச் பார்க்க அவனுடைய மேனேஜர் நிருபமாவையும் ஆபீஸ்காரர்கள் நாலைந்து பேரையும் கூப்பிட்டிருந்தான். சனிக்கிழமை காலை கடை ஆட்கள் வந்து டிவியை மாட்டிவிட்டுப் போனார்கள். போட்டுப் பார்த்தால் படம் சப்பென்று இருந்தது. கடையில் பார்த்தபோது கண்ணைப் பறித்த அந்தத் துல்லியமும் நிறமும் எங்கே போனதென்று தெரியவில்லை. போதாக்குறைக்கு, திடீர் திடீரென்று திரை கறுத்து, கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே வந்தது.

"ஏமாத்திட்டானுங்க! டப்பா பீஸைத் தலையில கட்டிட்டானுங்க!" என்று நோயல் கத்தினான். வயரை மாற்றினான். செருகிய இடத்தை மாற்றினான். போனில் யாரோ பேசும் வீடியோக்களை ஓடவிட்டு, அவர்கள் சொன்னதையெல்லாம் செய்து பார்த்தான். ரிசீவரை முன்னுக்கு இழுத்து, அதன் முதுகில் இருந்த வயர்களைக் கொத்தாகப் பிடித்து உலுக்கினான்.

சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருந்த லாயிட்டுக்கு, கேட்ட மாத்திரத்திலேயே விஷயம் புரிந்துவிட்டது. ரிசீவர் இரண்டு டிவிக்கும் ஒரே படத்தைத்தான் அனுப்புகிறது. புது டிவி எவ்வளவு பெரியதானாலும், பழைய டிவியால் எது முடியுமோ அதைத்தான் இரண்டுக்கும் கொடுக்கும். அவன் இங்கே ரிமோட்டை அமுக்கினால், ரிசீவர் இரண்டு டிவியோடும் முதலிலிருந்து பேசிப் பழக வேண்டும். அந்த நேரத்தில்தான் ஹால் கறுக்கிறது. இதற்கு வழியும் இருக்கிறது. மெனுவில் 'ஜோன் டூ' என்று ஒரு இடம். இரண்டாவது வாயை அங்கே தனியாகப் பிரித்துவிட்டால் அது ஒரு வழி, இது ஒரு வழி. எத்தனையோ வீடுகளில் அவன் செய்து கொடுத்தது.

கட்டில் சட்டத்தைத் தட்டிக் கூப்பிட்டான். நோயலும் பின்னாலேயே பிரிஜெட்டும் வந்தார்கள். லாயிட் இரண்டு விரல்களைத் தூக்கிக் காட்டினான்.

"ரெண்டு" என்றான். எண்கள் சில சமயம் சரியாக வரும். "ரெண்டு… ரெண்டு…"

"இன்னாடா ரெண்டு?"

லாயிட் இரண்டு விரல்களையும் ஒட்டிவைத்து, பிறகு விரித்துக் காட்டினான். தன் டிவியைக் காட்டி, ஹாலைக் காட்டி, மறுபடியும் விரித்தான். வியர்த்துவிட்டது.

"ரெண்டையும் பிரிக்கச் சொல்றாரோ?" என்றாள் பிரிஜெட்.

நோயல் ஒரு கணம் யோசித்தான். ஹாலுக்கு ஓடி, ரிசீவரின் இரண்டாவது வாயிலிருந்த வயரைப் பிடுங்கினான். பின்னறை டிவி இருண்டது. ஹாலிலிருந்து "ஏய்! பிரிஜெட்! வந்து பாரு!" என்று குரல் வந்தது. அவள் போனாள். ஓடிக்கொண்டிருந்த ஏதோ பழைய மேட்சில் புல்லின் ஒவ்வொரு இதழும் தெரிந்தது. பந்தின் தையல்கூடத் தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து இருவரும் திரும்பி வந்தார்கள். லாயிட் தலையை இப்படியும் அப்படியும் வேகமாக ஆட்டிக்கொண்டிருந்தான். இரண்டு விரல்களும் விரித்தபடியே இருந்தன.

"கரெக்டா சொல்லிட்டடா. ரெண்டாவது வயருதான் ப்ராப்ளம்" என்றான் நோயல். பிறகு சுவரில் இருந்த டிவியை நிமிர்ந்து பார்த்தான். "சரி, இந்த டிவி உனக்கு வேணுமா?"

லாயிட் கண்ணை மூடிக்கொண்டான். உடம்பில் மிச்சமிருந்த பலத்தையெல்லாம் நாக்குக்குக் கொண்டுவந்தான். அந்தச் சொல்லை மனசுக்குள் எழுத்து எழுத்தாக அடுக்கினான். எல்லாம் சரியாக இருந்தது. வாயைத் திறந்தான்.

"வேணாம்."

அவனுக்கே கேட்டது. இல்லையென்று தலையை ஆட்டி, இடது கையால் மெத்தையை அறைந்து மறுபடியும் முயன்றான். "வேணாம்! வேணாம்! வேணாம்!"

நோயல் பிரிஜெட்டைப் பார்த்தான். பிரிஜெட் லாயிட்டைப் பார்த்தாள். தினமும் மூன்று வேளை அந்தச் சொல்லைக் கேட்டு ஊட்டுகிறவள் அவள். அவளுக்குத் தெரிந்தது என்று லாயிட்டுக்கும் தெரிந்தது. அவள் சொல்வதற்காகக் காத்திருந்தான்.

பிரிஜெட் குனிந்து, சுருங்காத போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"அவனே வேணாங்கறான், பாத்துக்க" என்றான் நோயல்.

"ஒரு நாளைக்குத்தானே தம்பி" என்றாள் அவள், போர்வையைப் பார்த்தபடியே.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்ததும் பிரிஜெட் பிரியாணிக்கு அடுப்பு மூட்டினாள். விருந்தாளிகள் வந்தார்கள். மேட்ச் தொடங்கியது. மைதானத்தின் கூச்சல் சுவரைத் தாண்டி வந்து லாயிட்டின் கட்டிலை அதிரவைத்தது. விக்கெட் விழுந்தபோது ஹாலில் எல்லோரும் கத்தினார்கள். யார் அவுட் என்று தெரியாமல் லாயிட்டும் கத்தினான். அவன் கத்தினால் மாடு கத்துவதைப் போல இருக்கும்.

ஹாலில் யாரோ டிவியின் சத்தத்தைக் குறைத்தார்கள்.

"யாரது?" என்று ஒரு பெண் குரல் கேட்டது. நிருபமாவாக இருக்க வேண்டும்.

"தம்பி மேடம். உடம்பு சரியில்ல. பாவம், ஒண்ணும் புரியாது அவனுக்கு."

காலடிச் சத்தம் வந்தது. நோயல் உள்ளே எட்டிப் பார்க்காமலேயே கதவைச் சாத்தினான். கதவுக்கு அப்பால் நிருபமா கேட்டது லாயிட்டுக்கு நன்றாகவே கேட்டது. "சவுண்டு சூப்பர் நோயல். யாரு செட் பண்ணிக் குடுத்தது?"

"எல்லாம் நானேதான் மேடம். வீடியோ பாத்துப் பாத்து."

அந்த ஒரு நாள் முடிந்தது. பிடுங்கிய வயரை யாரும் திரும்பச் செருகவில்லை. அடுத்த வாரம் ஆபீஸ் டிரைவரைக் கூட்டிவந்து நோயல் பழைய டிவியைக் கழற்றிக் கொடுத்துவிட்டான். டிரைவர் கட்டிலருகே வந்து லாயிட்டைக் கும்பிட்டு, "குழந்தைங்க சந்தோஷப்படும்ணா" என்றார். சுவரில் அதைத் தாங்கியிருந்த இரும்புச் சட்டம் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

லாயிட்டோடு வேலை பார்த்த மஞ்சுநாத் ஆரஞ்சுப் பழங்களோடு அவனைப் பார்க்க வந்தபோது முதலில் கண்ணில் பட்டது அந்தச் சட்டம்தான். நோயல் நடந்ததைச் சொன்னான்.

"ஐயோ, அதுக்கு எதுக்கு சார் டிவிய எடுக்கணும்? மெனுவுல ஜோன் டூன்னு ஒண்ணு இருக்குதல்லா" என்று மஞ்சுநாத் ஹாலுக்குப் போய், ரிசீவரின் ரிமோட்டை வாங்கி நாலு தட்டுத் தட்டிக் காட்டினார். "இவ்ளோதான். ரெண்டும் தனித்தனி."

பிரிஜெட்டின் கை வாய்க்குப் போனது. "அன்னைக்கு ரெண்டு ரெண்டுன்னு…" என்று ஆரம்பித்தாள்.

"குடுத்தாச்சே மஞ்சு, இப்ப இன்னா பண்றது" என்றான் நோயல். "அவன் ஒண்ணும் கேக்கல. நிம்மதியா தூங்கறான்."

கடையில் பழைய டிவி ஒன்று சும்மா கிடக்கிறது, கொண்டுவந்து மாட்டுகிறேன் என்று மஞ்சுநாத் லாயிட்டின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார். லாயிட் பல நாள் வாசல் மணிக்குக் காது கொடுத்துக் கிடந்தான். அவர் வரவில்லை. பிரிஜெட் இப்போதெல்லாம் வேகமாக ஊட்டினாள். இன்னொன்று வைக்கட்டுமா என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். தட்டில் இருப்பது தீர்ந்ததும் எழுந்து போய்விடுவாள்.

பகல் முழுவதும் லாயிட் அந்த இரும்புச் சட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். அதில் எத்தனை துளைகள் இருக்கின்றன என்பதைக்கூட அவன் எண்ணவில்லை. வெறுப்பு ஒன்றுதான் அவனோடு இருந்தது. அது பொழுதை நன்றாகத் தள்ளியது.

அப்புறம் ஒரு நாள் ஹாலில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வந்து எல்லாம் நின்றது. நோயல் மறுபடி போட்டான். சத்தத்தை ஏற்றியதும் மறுபடி 'டிக்'. லாயிட் படுத்தபடியே புன்னகைத்தான். ரிசீவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துபோகும் சத்தம் அது. நோயல் வயர்களைப் பிடித்து உலுக்கியதில் ஒரு ஸ்பீக்கர் வயரின் பிசிறு பக்கத்துத் திருகைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

இரண்டு நாள் தானே போராடிப் பார்த்துவிட்டு, நோயல் ரிசீவரை ஸ்பீக்கர் வயர்களோடு இழுத்து வந்து கட்டிலின் ஓரத்தில் வைத்தான். அவனும் உட்கார்ந்தான். அவன் அந்தக் கட்டிலில் உட்கார்ந்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது.

"டேய் லாயிட், உன் சாமான்தானே இது. உனக்குத் தெரியாததா? எதுன்னு காமி."

லாயிட்டின் முகத்துக்கு நேராக ரிசீவரின் முதுகு இருந்தது. மயிரிழை போலச் செம்புக் கம்பி ஒன்று சிவப்புத் திருகிலிருந்து வளைந்து கறுப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. விரலை நீட்டினால் போதும். அவன் நகத்தாலேயே தட்டிவிடலாம்.

"இதுவா? இதுவா பாரு. இதுவா?" நோயல் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினான். சரியானதையும் தொட்டான்.

லாயிட் இடது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு, அண்ணனை வெறுமையாகப் பார்த்தான். பார்வையை எவ்வளவு வெறுமையாக வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு வைத்துக்கொண்டான். நோயலின் முகம் விழுவதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு உள்ளே குளிர்ந்தது. படுக்கையில் விழுந்த பிறகு தானாக ஒரு காரியத்தைச் செய்து ஜெயித்தது அதுதான் முதல் தடவை.

நோயல் எழுந்தான். வாசலில் நின்ற பிரிஜெட்டிடம், கட்டிலில் இருப்பவனுக்குக் காது இல்லாதது போலப் பேசினான்.

"அவ்ளோதான், பிரிஜெட். மூளையும் போயிடுச்சு. தினம் கையில புடிச்ச சாமானே தெரியல அவனுக்கு. அத்திபெலே தாண்டி சிஸ்டர்ஸ் நடத்தறாங்களே ஒரு இல்லம், ஃபாதர் சொன்னாரே, அங்க கேட்டுடலாம். இவனுக்கு எங்க இருந்தா இன்னா, தெரியவா போவுது?"

பிரிஜெட் எதிர்த்துப் பேசுவாள் என்று லாயிட் நினைத்தான்.

"எனக்கும் இடுப்பு போயிடுச்சுங்க, தூக்கித் தூக்கி" என்றாள் அவள்.

லாயிட்டின் கை போர்வையை உதறிக்கொண்டு வெளியே வந்தது. விரல் அந்தச் செம்பு இழையைத் தேடி நீண்டது. ஆனால் நோயல் அதற்குள் ரிசீவரைத் தூக்கிக்கொண்டு, வயர்கள் தரையில் இழுபடக் கதவைத் தாண்டிவிட்டான். லாயிட் கத்தினான். கட்டிலை அடித்தான். "பாத்தியா," என்றான் நோயல் ஹாலிலிருந்து, "இப்ப முரட்டுத்தனமும் வந்துடுச்சு."

இல்லத்தில் இடம் சீக்கிரமே கிடைத்தது. அதற்குள் நோயல் ஒரு புது ரிசீவர் வாங்கிவிட்டான். அது ஒரு தொந்தரவும் செய்யவில்லை. போகிற அன்று காலை பிரிஜெட் லாயிட்டுக்கு ஷேவ் செய்து, தலை வாரி, கிறிஸ்துமஸ் சட்டையைப் போட்டுவிட்டாள். வழியெல்லாம் அவள் பின்சீட்டில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டு வந்தாள். நோயல் மட்டும் உற்சாகமாக, லாரிகளைத் திட்டிக்கொண்டு ஓட்டினான்.

நீளமான கூடத்தில் இரண்டு வரிசையாகக் கட்டில்கள் இருந்தன. பினாயில் வாசனை அடித்தது. ஒரு சிஸ்டர் சிரித்த முகத்தோடு வந்து, இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். "இல்ல சிஸ்டர், லேட்டானா சில்க் போர்டு டிராஃபிக்குல மாட்டிக்குவோம்" என்றான் நோயல். தம்பியின் தோளை இரண்டு முறை தட்டினான். பிரிஜெட் குனிந்து லாயிட்டின் நெற்றியில் சிலுவை போட்டாள். அவன் இடது கையால் அவளுடைய புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டான். அந்தக் கையில் பலம் அதிகம். அவளால் விடுவிக்க முடியவில்லை. நோயல் வந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான்.