தலைமையாசிரியரின் குளிர்கோட்டு

கதை எழுதுவது என் தொழிலன்று. ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை இப்படியொரு காரியத்தில் இறங்கியதற்குப் பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும். பிழையிருப்பின் அது என்னுடையது; நிகழ்ந்தது எங்கள் ஊருடையது.

என் அக்கா டெல்ஃபின் கிண்கிணி உடை அணிந்து ஆடுபவள். அத்தான் வெஸ்லி காலமானபின் வழக்கப்படி ஓராண்டு அவள் ஆடவில்லை. தகரக் குழல்கள் தைத்த அந்த உடை பெட்டிக்குள் கிடந்தது. மீண்டும் ஆட்ட வட்டத்துக்குள் வருமுன் அத்தானின் பெயரால் வந்தவர்களுக்குப் பொருள்களை வாரிக் கொடுக்க வேண்டும்.

"குடுத்ததுல ஒண்ணு திரும்பி வந்தாலும் நான் ஆடமாட்டேன்டி. அப்புறம் அது குடுத்ததாவே ஆகாது" என்று முன்பே சொல்லியிருந்தாள். அக்கா சொன்னால் சொன்னதுதான்.

அந்தப் பிப்ரவரியில் எங்கள் க்ரீ பழங்குடி மக்களுக்காகப் பள்ளி முதன்முறையாகப் பவ்வாவ் என்னும் மேள ஆட்டத் திருவிழாவை நடத்தியது. சஸ்காச்சுவான் குளிரில் வெளியே மூச்சு உறைந்தது. விளையாட்டுக் கூடத்துக்குள்ளோ சட்டைக்கையை மடித்துவிட வேண்டிய வெக்கை. தலைமையாசிரியர் ரஸ்ஸல், தம் புதிய குளிர்கோட்டைக் கழற்றி மூலையிலிருந்த போர்வைக் குவியல்மேல் போட்டுவிட்டு, நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார்.

"பாருங்க சனங்களே!" என்று ஒலிபெருக்கியில் முழங்கினான் அவர் மைத்துனன் லார்ன். "எங்க மச்சான் வேலை செய்யிறாரு. இதைப் பாக்கத்தான் இவ்வளவு கூட்டம்!"

அந்தக் குவியல் மழலையர் வகுப்புக்குரியது. சித்தப்பா பிள்ளைகள் அக்கா அன்று கொடுக்கவிருந்த பொருள்களைக் கொண்டுவந்து, இடம் வசதியாக இருக்கிறதென்று அதன் அருகிலேயே இறக்கிவிட்டார்கள். பள்ளியுடையது எது, அக்காவுடையது எது என்று பிரித்துச் சொல்ல எவரும் இல்லை. லார்ன் எல்லாவற்றையும் எடுத்து எடுத்துக் கொடுத்தான்.

"இது ரொம்பத் தூரத்துல இருந்து வந்த மேளக்காரருக்கு!"

வடக்கிலிருந்து மெல்லிய சட்டையோடு வந்திருந்த கிளிஃபோர்ட் அந்தக் கோட்டை வாங்கி, நன்றியோடு அப்போதே மாட்டிக்கொண்டார். அது யாருடையது என்று நான் உணர்ந்த கணத்தில், சமையலறையிலிருந்து மான்கறிச் சூப்புப் பானையோடு ரஸ்ஸல் வந்தார். வந்தவர் நின்றுவிட்டார்.

"என்ன மச்சான், வாயைத் திறந்துக்கிட்டு நிக்கிற? பிப்ரவரியில உள்ள போறதுக்கு ஈகூடக் கிடையாதே!"

"இல்ல... அந்தக் கோட்டு..."

அக்கா, அன்று மீண்டும் அணிந்திருந்த கிண்கிணி உடை சலசலக்க, அவர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, அது உங்களுதா?"

கிளிஃபோர்டின் முகம் சிவந்தது. "எனக்குத் தெரியாதுங்க. இந்தாங்க..." என்று அவசரமாகக் கழற்றத் தொடங்கினார். ஒரு கை வெளியே வந்துவிட்டது. அக்காவின் உதடுகள் இறுகின. நான் கண்களை மூடிக்கொண்டேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

திறந்தபோது பானை தரையில் இருந்தது. ரஸ்ஸல் அந்தக் கையைக் கோட்டுக்குள்ளேயே திருப்பி நுழைத்து, கழுத்துவரை ஜிப்பை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கு இறுக்கமா இருந்துச்சு தம்பி. உனக்குத்தான் சரியா இருக்கு. வெஸ்லி பேரைச் சொல்லிப் போட்டுக்க."

பிறகு அக்காவின் கையைப் பற்றிக் குலுக்கினார்.

"இறுக்கம் கோட்டுலயா, வயித்துலயா மச்சான்?" என்றான் லார்ன். கூடமே வெடித்துச் சிரித்தது.

மேளம் எழுந்தது. முதல் சுற்று அக்கா தனியாக ஆடினாள். அடுத்த சுற்றில் நாங்கள் பின்னால் சேர்ந்தோம்; அதற்கடுத்ததில் ஊரே சேர்ந்தது. கூடைப்பந்துக் கோடுகள் எவர் கண்ணிலும் படவில்லை. குழல்களின் ஓசை கூரையில் மோதி மழையாகத் திரும்பியது. அக்காவின் தலை ஒருமுறைகூடக் குனியவில்லை.

எல்லோரும் கிளம்பிய பிறகுதான் கதவைப் பூட்டச் சாவி தேடினோம். அது கோட்டுப் பையில், வடக்கே போய்க்கொண்டிருந்தது.

"ஃபோன் பண்ணிக் கேக்கட்டுமா சார்?" என்றேன்.

"கோட்டோட போனது போனதுதான் டீச்சர்" என்றார் ரஸ்ஸல், என் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு. "திங்கக்கிழமை பூட்டை மாத்திக்கலாம்."

இழந்தவை: குளிர்கோட்டு ஒன்று. பள்ளிச் சாவிக்கொத்து ஒன்று. மழலையர் போர்வைகள் பதினொன்று. அக்காவின் உடையிலிருந்து தகரக் குழல்கள் இரண்டு. இதுவரை திரும்பாத என் சால்வை.