வாடகை விமானத்தில் வஜீஹா

1

இந்தக் கதை எனக்கு லிஃப்டில் கிடைத்தது. கடற்கரையில் கிடைத்தது என்று எழுதினால் கௌரவமாக இருக்கும். ஆனால் கிடைத்த இடம் அடையாறில் எங்கள் அடுக்ககத்து லிஃப்ட். கரண்ட் போய், முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தோம், நானும் மேல்வீட்டு வஜீஹாவும்.

வஜீஹா விமானி. உள்நாட்டு விமானக் கம்பெனி ஒன்றில், கேப்டனுக்குப் பக்கத்து இருக்கை. முப்பத்தைந்தாயிரம் அடியில் பதறாதவள் பதினைந்து அடியில் எல்லாப் பொத்தானையும் மாறி மாறி அமுக்கினாள். பிறகு, பயத்தை மறக்கவோ என்னவோ, பேச ஆரம்பித்தாள்.

"ஜலஜாக்கா, ஒரு வேலை வந்துருக்கு. வெளிநாட்டு சார்ட்டர் கம்பெனி. சம்பளம் இப்ப வாங்குறதுக்கு டபுள். டாலர்ல."

"அப்புறம் என்ன யோசனை?"

"அப்புறம்தான் எல்லாமே இருக்கு."

(சார்ட்டர் என்றால், கல்யாணத்துக்கு வேன் பிடிக்கிற மாதிரி விமானம் பிடிப்பது. யாருக்கு வேண்டுமோ அவர்கள் விமானத்தையும் விமானியையும் சேர்த்து வாடகைக்கு எடுப்பார்கள். இன்றைக்கு ஃபுட்பால் டீம், நாளைக்கு ராணுவம், ஹஜ் மாதத்தில் ஹாஜிகள். இரண்டு மாதம் எங்கேயோ. ஒரு மாதம் வீடு. எங்கேயோ என்பது எங்கே என்று முன்கூட்டித் தெரியாது.)

கரண்ட் வந்தது. அவள் மேலே போனாள். நான் பேனாவைத் தேடினேன். எழுத்தாளர்கள் நல்ல அண்டை வீட்டுக்காரர்கள் அல்ல.

2

முதல் தொடக்கம்: "மேகங்களுக்கு மேலே, நட்சத்திரங்களின் மடியில், வஜீஹா தன் சிறகுகளை..."

இல்லை. விமானி என்று சொன்னதுமே சிறகு வந்துவிடுகிறது. பல் டாக்டர் என்றால் முத்து வரும்.

இரண்டாம் தொடக்கம்: "அவள் கணவன் ஷோயப் கதவை அறைந்து சாத்தினான். 'இந்த வீட்டுப் பொம்பளை ஊர் ஊரா...'"

இது எனக்குப் பிடித்திருந்தது. கதைக்கு ஒரு வில்லன் வேண்டும், கணவன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறான். ஒன்றரைப் பக்கம் எழுதி, அவளிடமே படிக்கக் கொடுத்தேன்.

"இன்னாக்கா, என் புருஷனை அடியாள் ரேஞ்சுக்குப் பண்ணி வச்சிருக்கீங்க? அவரு கதவை அறைஞ்சா முதல்ல கை வலிக்குதுன்னு அவரே தைலம் தேடுவாரு."

ஷோயப்புக்கு தி.நகரில் திரைச்சீலைத் துணிக் கடை. நடந்தது இதுதான்: சாப்பாட்டு மேஜையில் அவள் விஷயத்தைச் சொன்னாள். அவன் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே கேட்டான்.

"உனக்கு ஆசையா இருக்கா?"

"இருக்கு."

"அப்ப போய்ப் பாரு. ஆயத்தை நான் பாத்துக்குறேன். ஒத்து வரலைன்னா திரும்பி வா."

அவ்வளவுதான். ஆயத் அவர்களுடைய ஆறு வயது மகள். வில்லன் போய்விட்டான், கதையை எதை வைத்து ஓட்டுவது என்று நான் திண்டாடினேன். அப்போதுதான் அவளுடைய அப்பா வந்து காப்பாற்றினார்.

3

குலாம் முகம்மது, மயிலாப்பூரில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். செய்தி கேட்டதும் பைக்கை எடுத்துக்கொண்டு வந்து, மூச்சிரைக்க என் வீட்டுக்குள்தான் முதலில் நுழைந்தார். (லிஃப்ட் மறுபடியும் ரிப்பேர். அவர் என் இரண்டாம் மாடியோடு நின்றுவிட்டார்.)

"நீயாச்சும் சொல்லும்மா. கையில நல்ல வேலை கீது. இன்னும் ரெண்டு வருசத்துல கேப்டன் ஆயிடுவா. வுட்டுட்டு வாடகை வண்டி ஓட்டப் போறேங்குறா. சீனியாரிட்டி பூடும்மா!"

அவர் சொன்னது சரி. விமானிகளுக்கு சீனியாரிட்டி என்பது கோயில் க்யூ மாதிரி. வெளியே வந்தால் வால்பக்கம்தான் போய் நிற்க வேண்டும்.

"முதல்ல எங்க அனுப்பறாங்களாம்?" என்று கேட்டேன்.

"நைஜீரியாலருந்து ஜித்தாக்கு. ஹாஜிங்களை ஏத்தினு போவணுமாம்." சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. "நானும் அவங்க அம்மாவும் ஹஜ்ஜுக்குப் போக இருவது வருசம் துட்டு சேத்தோம். இவளுக்கு அவனுங்க துட்டு குடுத்து இட்னு போறானுங்களா?"

சிரித்துவிட்டார். எதிர்ப்பு அங்கே முடிந்தது. இரண்டாவது வில்லனும் என் கையை விட்டுப் போனான்.

4

வஜீஹா போனாள்.

ஜித்தாவுக்குப் போகும்போது விமானம் நிறைய வெள்ளை உடுத்திய மனிதர்கள். தரை தொட்டதும் அழுவார்கள். ஒரு தடவை, ஓட்டியவர்களில் ஒருத்தி முஸ்லிம் பெண் என்று தெரிந்து, பெரியவர் ஒருவர் படியிறங்காமல் நின்று, அவள் பெயரைக் கேட்டு வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாராம், தன் பிரார்த்தனையில், துஆவில், சேர்க்க. திரும்பும்போது காலி விமானம். முந்நூறு இருக்கைகள், ஒரு தலைகூட இல்லை. இரண்டுக்கும் ஒரே சம்பளம்.

"மக்கா பக்கத்துலதானே, போய்ட்டு வந்தியா?" என்று அப்பா போனில் கேட்டார்.

"ரெஸ்ட் எடுக்கணும்ப்பா, ரூல் அது."

"அல்லா வூட்டு வாசல் வரிக்கும் போய் தூங்கினு இருந்தியா!"

பணம் வந்தது. வீட்டுக் கடன் பாதிக்கு இறங்கியது. ஷோயப் கடைக்கு ஏசி போட்டான். இதை நான் அலட்சியமாகக் கடந்துபோனால் நம்பாதீர்கள். இலக்கியம் எழுதுகிறவர்கள் பணத்தைப் பற்றிச் சொல்வதை, பணம் வாங்குகிறவர்களிடம் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

ஹஜ் முடிந்தபின் வேறொரு ஊரில், விமானம் பழுதாகி, பல நாள் ஓட்டலிலேயே இருந்தாள். வீடியோவில் ஆயத் இரண்டு நிமிடம் பேசுவாள். பிறகு போனை அப்படியே சோபாவில் மல்லாத்திவிட்டு விளையாடப் போய்விடுவாள். வஜீஹா கட் பண்ண மாட்டாள். தன் வீட்டுக் கூரையையும் சுற்றாத ஃபேனையும் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். குக்கர் விசில் கேட்கும். யாரோ பெல் அடிப்பார்கள்.

"ஷோயப், ஃபேன் ரெக்கையெல்லாம் ஒரே தூசி, தொடைங்க" என்று ஒருநாள் கத்தியிருக்கிறாள். போனுக்குள்ளிருந்து குரல் வர, பாத்திரம் தேய்க்க வந்த சொர்ணம் கையிலிருந்த தட்டைப் போட்டுவிட்டாள்.

5

(இந்தப் பகுதியை நான் மூன்று முறை கிண்டலாக எழுதிப் பார்த்தேன். வரவில்லை.)

விடுமுறைக்கு வந்தாள். எல்லோருக்கும் பிரியாணி, நானும் போனேன். ஷோயப் ஆயத்துக்கு இரட்டைப் பின்னல் போட்டிருந்தான், வகிடு நேராக. வஜீஹா அதை அவிழ்த்துத் தன் வழக்கப்படி பின்னப் போனாள். ஆயத் தலையை இழுத்துக்கொண்டாள்.

"அப்பா போட்டதே இருக்கட்டும்மா." பிறகு, மரியாதையாக, விருந்தாளியிடம் கேட்கிற குரலில்: "அம்மா, நீ எப்ப செக்-அவுட்?"

எல்லோரும் சிரித்தோம். வஜீஹாதான் அதிகம் சிரித்தாள். சிரித்துக்கொண்டே குளியலறைக்குப் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. அது நிற்கவே இல்லை. குலாம் முகம்மது தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஷோயப் எழுந்து போய்க் கதவுக்கு வெளியே நின்றான். தட்டவில்லை. சும்மா நின்றான்.

6

அந்த வாரமே இரண்டு அழைப்புகள். பழைய கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்கிறது: பாதிச் சம்பளம், க்யூவின் வால், அநேகமாகத் தினமும் வீடு. சார்ட்டர் கம்பெனி கேப்டன் இருக்கையே தருகிறது: இன்னும் அதிக டாலர், இன்னும் அதிக எங்கேயோ. இரண்டுக்கும் திங்கட்கிழமைக்குள் பதில்.

என்னிடம் இரண்டு முடிவுகள் தயாராக இருந்தன.

அ) போகிறாள். கேப்டனாகிறாள். மகள் ஒருநாள் புரிந்துகொள்வாள். (பெண்ணியப் பத்திரிகை ஒன்று கதை கேட்டிருக்கிறது.)

ஆ) இருக்கிறாள். மகளைக் கட்டியணைக்கிறாள். (தீபாவளி மலர் ஒன்றும் கேட்டிருக்கிறது.)

இரண்டையும் அவளிடம் காட்டினேன்.

"ரெண்டுலயும் நான் சந்தோசமா இருக்கேனே, எப்படிக்கா? போனா ஆயத் ஞாபகம் இருக்கும். இருந்தா அந்த சீட்டு ஞாபகம் இருக்கும். ரெண்டுல எந்த ஞாபகத்தோட ஷோயப்கிட்ட எரிஞ்சு விழாம இருப்பேன்னுதான் யோசிக்கிறேன்."

அதற்குமேல் நான் எழுத என்ன இருக்கிறது? காபி போட்டேன்.

7

ஞாயிறு மாலை. பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போகும் வழியில், வஜீஹாவும் ஆயத்தும் என் வாசலில் நின்றார்கள்.

"அக்கா, முடிவு பண்ணிட்டேன்."

"சொல்லாதே. கதை கெட்டுடும்."

"உங்க கதைக்காகவா நான் குடும்பம் நடத்துறேன்? இவகிட்டயே இன்னும் சொல்லல. இப்ப சொல்லப் போறேன், கேளுங்க."

குனிந்தாள். மகளின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள். சொன்னாள்:

"[                              ]"

அடைப்புக்குள் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். பென்சிலால் எழுதுங்கள், திங்கட்கிழமைக்கு இன்னும் ஒரு ராத்திரி இருக்கிறது.

ஆயத் அதை முழுதாகக் கேட்டாள். செருப்பால் தரையை இரண்டு தேய்ப்பு தேய்த்தாள். அம்மாவின் விரலைப் பிடித்துப் படிக்கட்டுப் பக்கமாக இழுத்தாள்.

"சரி. அப்ப இன்னைக்கு சோளம் வாங்கித் தருவியா?"