முழுக் குடைக்கு வரியில்லை

வெளிநாட்டுக் கம்பிக்கு வரி போட்ட செய்தி வந்த அன்று, டப்டப்பின் கணவன் விசிலடித்துக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தான். டீ தொண்டையில் இறங்கும்வரை வாயைத் திறக்காத ஆள் அவன். கம்பி மில்லில் வேலை. ஒரு வருடமாக மில் அரை வாரம்தான் ஓடியது. மீதி நாட்களில் அவன் வீட்டிலிருந்த கதவுக் கீல்களுக்கெல்லாம் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். அந்த வீட்டில் இப்போது எந்தக் கதவும் சத்தம் போடுவதில்லை.

"இனிமே வாரம் முழுக்க வேலை," என்றான். "வெளியிலேருந்து வர்ற கம்பி விலை எகிறிடுச்சு. எல்லாரும் இனி நம்ம கம்பியத்தான் வாங்கணும்."

"அப்போ கீலுக்கெல்லாம் விடுதலைன்னு சொல்லுங்க," என்றாள் அவள்.

அவளும் மனசாரத்தான் சந்தோஷப்பட்டாள். குடைப் பட்டறையில் அவளுக்கு வேலை. தைத்து முடித்த குடைகளை ஒவ்வொன்றாக விரித்து, உதறி, மடக்கி, நல்லதா இல்லையா என்று சொல்ல வேண்டும். நாள் முழுக்க அவள் இருக்கும் மூலையிலிருந்து 'டப் டப்' என்று சத்தம் வந்துகொண்டே இருக்கும். அதனால் பட்டறையில் அவளுக்கு வைத்த பெயர்தான் டப்டப்பு. வீடுவரை வந்து ஒட்டிக்கொண்டது. காலையிலிருந்து சாயங்காலம்வரை குடையை விரிக்கிற அவளுக்கே, குடைக்குள் இருப்பதும் கம்பிதான் என்பது அன்றைக்கு உறைக்கவில்லை.

முதலில் உறைத்தது சைக்கிள் கடையில். மகளின் சைக்கிளில் ஆரக்கம்பிகள் சில உடைந்திருந்தன. கடைக்காரர் சொன்ன விலையைக் கேட்டு அவள் திகைத்துப்போனாள்.

"வரி வெளிநாட்டுக் கம்பிக்குத்தானே? இது நம்ம நாட்டுக் கம்பிதானே, அண்ணே?"

"நம்மதுதாம்மா. பக்கத்து வீட்டு ஓனர் வாடகைய ஏத்தினா உங்க வீட்டு ஓனர் சும்மா இருப்பாரா?"

வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னாள். "ஆமா, எங்க மில்லும் ஏத்திட்டாங்க," என்றான். சொல்லும்போது பெருமைபோல ஆரம்பித்த குரல், சைக்கிளைப் பார்த்ததும் இறங்கிவிட்டது. பாத்திரம் தேய்க்கும் கம்பி நார், கொண்டை ஊசி, துணி மாட்டும் கொக்கி என்று ஒவ்வொன்றாக ஏறின. எதுவும் பெரிதாக ஏறவில்லை. ஆனால் அவன் கொண்டுவந்த கூடுதல் சம்பளம் எந்த வழியாகப் போகிறது என்று பிடிபடவும் இல்லை.

பட்டறை ஒரு நீளமான அறை. நடுவில் ஒரே ஒரு மேஜை. அதன் இரண்டு பக்கமும் பெண்கள் உட்கார்ந்து, துணியின் நுனிகளைக் கம்பி முனைகளோடு சேர்த்துத் தைப்பார்கள். துணி மாட்டாத இரும்புக் குடைக் கூடுகள் வெளிநாட்டிலிருந்து பெட்டிகளில் வரும். துணி, கைப்பிடி, தையல் எல்லாம் இங்கே. மேஜையின் தலைமாட்டில் ஊசி அக்கா உட்கார்ந்திருப்பாள். வயதிலும் வாயிலும் மூத்தவள். கடைசித் தையலில் மட்டும் இரண்டு முடிச்சுப் போடுவாள். ஒன்று போதுமே என்று யாராவது சொன்னால், "ஒண்ணு முதலாளிக்கு, ஒண்ணு எனக்கு," என்பாள்.

ஒருநாள் முதலாளி வந்து மேஜையோரம் நின்றார். எப்போதும் வந்ததும் யாரையாவது கிண்டல் செய்கிற மனுஷன், அன்று கையிலிருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூடும் கம்பிச் சாமான்ல சேர்த்தியாம்மா. வரி கட்டி இறக்கினா, குடைய விக்கிற விலை கூட்டுக்கே சரியாப் போயிடும்."

"அப்போ வெளியிலேருந்து முழுசா வர்ற குடைக்கு?" என்று கேட்டாள் ஊசி அக்கா.

"முழுக் குடைக்கு வரியில்லை. வரி கம்பிக்குத்தான். குடை குடைதானே."

ஊசி அக்கா, "ஏன் சார், முழுக் குடைக்குள்ள கம்பி இருக்குன்னு வரி போட்டவங்களுக்கு யாரும் சொல்லலையா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். வரியை எடுக்கச் சொல்லி அவர் அரசாங்கத்துக்கு மனு கொடுத்திருந்தார். அடுத்த முறை வரிப் பட்டியலைத் திருத்தும்போது பரிசீலிப்பதாக மரியாதையாகப் பதில் வந்திருந்தது. அடுத்த முறை எப்போது என்று அதில் இல்லை.

வேறு வழி ஒன்றுதான் இருந்தது. உள்ளூர் மில்லில் கம்பி வாங்கி, கூட்டை இங்கேயே செய்வது. அந்த மில் அவள் கணவன் வேலை பார்க்கும் மில்.

இதைக் கேட்டதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. "உன் குடைக்கு என் கம்பி!" என்றான். வேலிக்கும் ஆணிக்கும் கம்பி இழுக்கிற மில் அது. ஆனாலும் மேலாளரிடம் போய் நின்று, இருப்பதில் நல்ல சுருளாக அவனே பொறுக்கி எடுத்தான். ஒரு கொல்லுப் பட்டறையில் கொடுத்துக் கூடாக வளைத்து வாங்கினான். முதல் கூட்டைத் தோளில் சாத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தான். துணியில்லாத கூட்டை மகள் தலைக்குமேல் விரித்துக்கொண்டு அறைக்குள் சுற்றினாள்.

"மழை ஒழுகுதுப்பா!"

"துணி போட்டா ஒழுகாது. அது உங்கம்மா டிபார்ட்மென்ட்."

டப்டப்பு அந்தக் கூட்டை வாங்கி ஒருமுறை விரித்தாள். விரல் தானாகக் கம்பியின் நடுவில் போய் அழுத்தியது. வளைந்தது. திரும்பி வந்தது. ஆனால் வர வேண்டிய இடத்துக்கு ஒரு நூலளவு முன்னாலேயே நின்றுவிட்டது. கணவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்படி?"

"பட்டறையில பார்க்கணும்," என்றாள்.

மறுநாள் காலை துணி தைத்துத் தயாரானது. ஊசி அக்கா இரண்டு முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். மூலையில் ஒரு பெரிய காற்றாடி உண்டு. அதை முழு வேகத்தில் ஓடவிட்டு, குடையை எதிரில் பிடிக்க வேண்டும். வெளிநாட்டுக் கூடு என்றால் குடை பின்பக்கமாகப் புரளும். ஓர் உதறு உதறினால் பழையபடி நிமிர்ந்துவிடும். இதுவும் புரண்டது. உதறினாள். நிமிரவில்லை. கம்பிகள் ஆளுக்கொரு திசையில் முறைத்துக்கொண்டு நின்றன, சண்டை போட்ட குடும்பத்தைப் போட்டோ எடுத்ததுபோல. கையால் நேராக்கி மறுபடியும் பிடித்தாள். மறுபடியும் அதே கதி.

காற்றாடியை நிறுத்தினார்கள். முதலாளி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேஜையிலிருந்த எல்லோரும் பார்த்தார்கள்.

ஊசி அக்கா பக்கத்தில் வந்து, மெதுவாக, "சரின்னு சொல்லிடுடீ. எல்லா மழையும் காத்தோடயா வருது?" என்றாள்.

சொல்லிவிடலாம். சொன்னால் பட்டறை ஓடும். மில்லுக்கு ஆர்டர் போகும். கணவன் விசிலடிப்பான். பிறகு ஒரு மழை வரும், ஒரு காற்று வரும், குடைகள் திரும்பி வரும். ஆனால் அதுவரைக்குமாவது? அவள் குடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். வாங்குகிறவர்கள் பணக்காரர்கள் இல்லை. பணக்காரர்கள் காரில் போவார்கள். இந்தக் குடையை வாங்குவது அவளைப் போன்ற ஒருத்தி.

"தாங்காது சார்," என்றாள்.

"எனக்கும் தெரியும்மா," என்றார் முதலாளி. "நீ வேற ஏதாவது சொல்லுவியோன்னு பார்த்தேன்."

சாயங்காலம் கணவன் டீ டம்ளரை எடுக்காமலே கேட்டான். "என் கம்பிய நீயே வேணாம்னுட்டியா?"

"கம்பியச் சொல்லலைங்க. குடைக்கு ஆகாதுன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்." டம்ளரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "வளைச்சா தானா நிமிர்ற ஸ்பிரிங் கம்பி எங்க மில்லுல வராது. அதுக்குத் தனியா உலை வேணும். அந்த உலையும் வெளியிலேருந்துதான் வரணும்," என்றான். பிறகு, "அதுக்கும் வரி," என்று சொல்லிவிட்டு ஆறிப்போன டீயைக் குடித்தான். அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

முதலாளி முழுக் குடைகளை இறக்கினார். அவருக்கும் வேறு வழி தெரியவில்லை. பட்டறையின் பெயர் போட்ட துணிப்பட்டையை ஒவ்வொரு குடையிலும் தைத்து அனுப்ப ஊசி அக்காவும் இன்னொருத்தியும் போதும். பரிசோதித்தே வருகிற குடைகளுக்கு டப்டப்பு தேவையில்லை. கணக்குத் தீர்த்துக் கொடுத்தபோது முதலாளி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வேலை போன மற்ற பெண்களில் ஒருத்தி வாசலில், "ஒரே ஒரு வார்த்தை. ஒரு மழைக்காலத்தையாவது ஓட்டியிருக்கலாம், மகராசி," என்றாள். அவள் சொன்னது தப்பு என்று டப்டப்பால் சொல்ல முடியவில்லை.

மில் மட்டும் முழு வாரமும் ஓடியது. கணவன் முழுச் சம்பளம் கொண்டுவந்தான். அவள் சம்பளம் வரவில்லை. மொத்தத்தில் வீடு பழையபடியேதான் இருந்தது, எல்லாச் சாமானும் விலை ஏறியிருந்ததைத் தவிர. இப்போது வீட்டில் உட்கார்ந்திருப்பவள் அவள். கீல்களுக்கு எண்ணெய்கூடத் தேவைப்படவில்லை.

மழை தொடங்கிய வாரம் மகள் இரண்டு முறை நனைந்து வந்து தும்மினாள். டப்டப்பு கடைக்குப் போனாள். குடைகள் கொத்தாகத் தொங்கின. விலை எப்போதையும்விடக் குறைவு. ஒன்றை எடுத்து விரித்தாள். டப். கம்பியின் நடுவில் விரலால் அழுத்தினாள். உதறினாள். மடக்கினாள். மறுபடியும் விரித்தாள். கடைக்காரர், "பயப்படாம எடும்மா, ஒண்ணும் ஆகாது," என்றார். ஏதாவது ஆக வேண்டும் என்றுதான் அவள் தேடிக்கொண்டிருந்தாள். துணியின் ஓரத்தைப் பார்த்தாள், தண்டைப் பார்த்தாள், ஒவ்வொரு முனையையும் பார்த்தாள். குற்றமே இல்லை. உள்பக்கத்தில் பட்டறையின் பெயர் போட்ட பட்டை இருந்தது. அதன் கடைசித் தையலில் இரண்டு முடிச்சு.

வாங்கிக்கொண்டு வந்தாள்.

கணவன் அதைக் கையில் வாங்கி, கம்பியை வளைத்துவிட்டான். அது சுண்டிக்கொண்டு நேரானது. இன்னொரு தடவை வளைத்தான்.

"நல்லா இருக்கா?" என்றான்.

"நல்லா இருக்கு."

"தாங்குமா?"

"தாங்கும்," என்றாள் அவள். அவன் குடையை மடக்கிக் கதவுக்குப் பின்னால் மாட்டினான். கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.