தொண்ணூற்றாறு வெற்றுக் கட்டங்கள்

இசைத்தாளின் நான்காவது பக்கத்தையும் பிரிண்டர் துப்பியது. அதிலும் வரிசை வரிசையாகச் சுரமே இல்லாத வெற்றுக் கட்டங்கள்தான். கடைசிக் கட்டத்தில் மட்டும் ஒரே ஒரு தாள அடி. லிட்வின் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொரு மணிக்கு மாதா கோயிலில் அப்பாவுக்கு அடக்கப் பூசை. இப்போதே ஒன்பதரை.

அப்பா லாம்பேர் அந்த மாஸ் ஆற்றங்கரை ஊரின் வாத்தியக் குழுவில் நாற்பது வருஷம் பித்தளைத் தாளம் தட்டியவர். குழுவுக்கான இசைத்தாள்களைக் கணினியில் எழுத்தெழுத்தாகத் தட்டி அச்செடுத்ததும் அவர்தான். தன் சாவுக்கு வாசிக்க வேண்டியதைக்கூடத் தட்டி வைத்துவிட்டுப் போன மனுஷன், தாளம் போடப்போவது யார் என்று மட்டும் சொல்லவில்லை. அந்த வேலை டிரம்காரர் ஹூப்பின் தலையில் விழுந்தது. ஹூப் முப்பது வருஷமாகத் தப்பான இடத்தில் அடித்து, அப்பாவிடம் முப்பது வருஷமாகத் திட்டு வாங்கியவர். இன்றும் தப்பினால் அப்பாவின் சாவு ஊர்ச் சிரிப்பாகிவிடும் என்று லிட்வினுக்கு ஒரே பயம்.

ஹூப் தாள்களைப் புரட்டினார். "ரெண்டு கையிலயும் தாளத்தட்டு இருக்கும்மா. பக்கத்த மூக்காலயா திருப்புறது?"

நியாயம்தான். வெற்றுக் கட்டங்களை ஒன்றாகச் சேர்க்கும் கட்டளையைத் தட்டினாள். மென்பொருள் கண்டுகொள்ளவே இல்லை. அரை மணி நேரம் மல்லுக்கட்டிய பிறகுதான் புரிந்தது: கட்டம் முழுக்க மௌனம் என்றால் பெரிய R போட வேண்டும். அப்பா தொண்ணூற்றாறு தடவையும் சின்ன r தட்டியிருக்கிறார். மற்றவர்களின் தாள்களில் எல்லாம் ஒழுங்காகப் பெரியது. தன் தாளில் மட்டும் இந்த அலட்சியம். திருத்தினாள். நான்கு பக்கமும் சுருங்கி ஒரு தடித்த கோடாயின. அதன் மேலே 96.

ஹூப்பின் முகம் வெளுத்தது. "இத்தனையும் எண்ணணுமா? எனக்கு முப்பது தாண்டுனா பசி வந்துடும். உங்கப்பன் எப்படித்தான் எண்ணுனானோ."

செர்ரிப் பழக் கேக்கைத் துண்டு போட்டுக்கொண்டிருந்த அம்மா ஃபீன் நிமிரவே இல்லை. "அவரு எங்க எண்ணுனாரு? நான்தான் எண்ணுவேன். மூணாவது வரிசையில உக்காந்து தலையாட்டுவேன். அவரு தட்டுவாரு."

அம்மாவுக்கு ஒரு சுரம்கூடப் படிக்கத் தெரியாது. ஒரு கச்சேரி விடாமல் கூடவே போனதைப் பாசம் என்றல்லவா ஊரே பேசிக்கொண்டது!

ஹூப் தொண்டையைச் செருமினார். "ஃபீன், இன்னிக்கும் கொஞ்சம்..."

"இன்னிக்கு நான் அழணும், ஹூப்."

அம்மா கடைசித் துண்டையும் தட்டில் எடுத்து வைத்துவிட்டுக் கை துடைத்துக்கொண்டாள். "சரி. என்னையே பாத்துக்கிட்டு நில்லு. சாமியாரப் பாக்காத."

கோயிலில் குழு வாசிக்கத் தொடங்கியது. அத்தைகள் எல்லாம் மூக்கைச் சிந்தினார்கள். முதல் வரிசையில் அம்மா மட்டும் கண்ணில் ஒரு சொட்டு இல்லாமல், மடியிலிருந்த ஜெபப் புத்தகத்தில் விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். எதிரே ஹூப் இரண்டு தட்டையும் ஏந்திக்கொண்டு, வேர்த்து வழிய அவளையே பார்த்தார்.

அம்மா தலையசைத்தாள்.

அப்படியொரு அடி! சாமியாரே துள்ளிவிட்டார். இம்மி பிசகவில்லை. லிட்வினுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. இனி நீயும் அழலாம் என்று சொல்வதற்காக அம்மாவின் பக்கம் சாய்ந்தாள்.

இசை முடிந்திருந்தது. அம்மாவின் விரல் இன்னும் புத்தகத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. நூற்று மூணு. நூற்று நாலு.