மந்திரிக்குப் பச்சைக் கறி

மனித குலம் செய்த மாபெரும் பிழை நெருப்பைக் கண்டுபிடித்ததுதான் என்று லிப்ட் மெக்கானிக் தன் வீட்டாருக்கு அறிவித்தார். காபி ஆறிப்போய்விட்டதென்று டம்ளரைத் திருப்பி அனுப்பிய கையோடு அறிவித்தார்.

வீட்டார் என்றால் மனைவி, மனைவியின் தம்பி, மந்திரி. மந்திரி என்பது நாய். மூவரில் அது மட்டும்தான் காது கொடுத்துக் கேட்டது. அவர் கையில் கோழி ஈரல் இருந்தது.

"நாய் யாரு? ஓநாயோட வாரிசு. காட்டுல ஓநாய் என்ன குக்கரா வெச்சுச்சு?"

"ஓநாய் சோபாவுல படுத்துச்சா மாமா?" என்றான் மைத்துனன்.

அவனுக்கு ஆறு மாதம் முன்புதான் சிறுநீரகம் மாற்றியிருந்தார்கள். கொடுத்தவள் அக்காள். புதிய சிறுநீரகத்தை உடம்பு ஒதுக்கிவிடாமலிருக்க அவன் விழுங்கும் மாத்திரைகள், கிருமிகளை எதிர்க்கும் சக்தியையும் சேர்த்தே அடக்கிவைத்திருந்தன. அந்த வீட்டில் தண்ணீர்கூடக் கொதித்த பிறகுதான் டம்ளருக்கு வரும்.

"இப்படி ஒரு ஆளை வெச்சுக்கிட்டுப் பச்சைக் கறி எதுக்குங்க? நான் வேகவெச்சே போடறேன். நாய் டாக்டரை ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்றாள் மனைவி.

"எந்த டாக்டர்? ஊசி போடறதைத் தவிர அவருக்கென்ன தெரியும்? பேஸ்புக்குல எங்க பச்சைக் கறி குரூப்புல நாலாயிரம் பேர் இருக்கோம். ஒருத்தன் நாயாவது தும்மியிருக்கா? நீ ஆக்கிப் போடு, அப்படியே கழுத்துல துண்டைக் கட்டி ஸ்பூன்ல ஊட்டியும் விடு!"

வேலையிடத்தில் இதே மனிதர் வேறு. வீடியோ பார்த்துவிட்டு லிப்டின் பட்டன் பலகையைக் கழற்றிய காவலாளியை, "தெரியாத வேலையில கைவெக்கிறவன் அடுத்தவன் உசுர்ல கைவெக்கிறான்" என்று ஏழு மாடிக்கும் கேட்கத் திட்டியவர்.

உறைந்த ஈரல் தினமும் பாத்திரம் கழுவும் தொட்டியில் கிடந்து இளகியது. மைத்துனனின் டம்ளரும் அதே தொட்டியில்தான் கழுவப்பட்டது. மந்திரி தின்றது, வாயை நக்கியது, நேரே போய் மைத்துனனின் கையையும் நக்கியது. மூன்றே வாரத்தில் அதன் ரோமம் பளபளத்தது. மெக்கானிக் படமெடுத்துக் குரூப்பில் போட்டார். எழுநூறு பேர் கைதட்டினார்கள்.

நாலாவது வாரம் மைத்துனனுக்குக் காய்ச்சல், அடுத்து வயிற்றுப்போக்கு. கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் பத்து நாள் போராடி உயிரை மீட்டார்கள். சிறுநீரகத்தை மீட்க முடியவில்லை.

மந்திரியின் மலத்தைச் சோதித்ததில் அதே கிருமி இருந்தது.

"நாய் நல்லாத்தானே சார் இருக்கு?" என்றார் மெக்கானிக், தேய்ந்த குரலில்.

"அது தாங்கிக்கும். ஆனா அதோட எச்சில்ல, மலத்துல, நீங்க கறி வெட்டின இடத்துல எல்லாம் கிருமி இருக்கும். குழந்தையோ, வயசானவங்களோ, நோயாளியோ இருந்தா அவங்க தாங்க மாட்டாங்க" என்றார் கால்நடை மருத்துவர். "முன்னாடியே கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு பழையபடி கட்டிப்போடப்பட்டிருந்த மைத்துனன், மாமாவைப் பார்த்துச் சிரிக்க முயன்றான். "மந்திரியைத் திட்டாதீங்க மாமா. பாவம், போட்டதைத் தின்னுச்சு."

மனைவி சிரிக்கவில்லை.

"எனக்கு ரெண்டு இருந்துச்சு, ஒண்ணை இவனுக்குக் கொடுத்தேன். அதை உங்க நாலாயிரம் பேர் பேச்சுக்குப் பலி கொடுத்துட்டீங்க. இன்னொண்ணு கொடுக்க என்கிட்ட இல்லைங்க. தெரிஞ்சவங்களைக் கேக்காம, தெரிஞ்ச மாதிரி பேசறவனை நம்பினா, நம்பினவன் தப்பிச்சுக்கறான். பக்கத்துல இருக்கறவன்தான் சாகறான்."

 

மறுநாள் காலை மனைவி தம்பியோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள்; வீட்டில் வேறு ஆளில்லை. அவர் தொட்டியைக் கொதிநீர் ஊற்றித் தேய்த்தார். சோப்புப் போட்டுக் கையை இரண்டு முறை கழுவினார். எலும்பு நீக்கிய கோழித் துண்டுகளைக் குக்கரில் போட்டு மூடி அடுப்பைப் பற்றவைத்தார். காலடியில் மந்திரி வாலாட்டிக்கொண்டிருந்தது.

நாலு விசில் போதும். அவர் எட்டு வரை எண்ணினார்.