டாலருக்குக் காத்திருந்த ஸ்கிரிப்ட்

ஐந்து மணிக்குப் பழைய யூனிக்ஸ் கணினி இயந்திரத்தை ஒரேயடியாக நிறுத்திவிடுவார்கள். அதற்குள் இருநூற்றுப் பன்னிரண்டு ஒலிக்கோப்புகளை இறக்கியாக வேண்டும். எல்லாம் அவன் மனைவி, தான் வேலை பார்த்த அலுவலகத்தின் தானியங்கித் தொலைபேசிக்காகப் பேசிப் பதிவு செய்தவை. அவள் இறந்து எட்டு மாதம். வீட்டில் அவள் குரல் ஒன்றுகூட இல்லை. கேமராவைக் கண்டாலே வாயைப் பொத்திக்கொள்கிறவள். மகளுக்கு ஒன்றரை வயது. இதுவும் போனால் அம்மா குரல் எப்படியிருக்கும் என்று குழந்தைக்குத் தெரியவே போவதில்லை.

கையால் ஒவ்வொரு பெயராகத் தட்டினால் நாளைக்கும் முடியாது. அதனால் கட்டளைகளை வரிசையாகத் தானே அனுப்பும் ஸ்கிரிப்ட் ஒன்று எழுதியிருந்தான். அவள் பெயரில் உள்ளே போ. கட்டளைக்குத் தயார் என்று இயந்திரம் டாலர் குறி காட்டும்வரை காத்திரு. காட்டியதும் ஒரு கோப்பைக் கேள். இறங்கியதும் மறுபடி டாலருக்குக் காத்திரு.

நான்கு மணிக்கு ஓடவிட்டான். உள்ளே போனது. அப்புறம் அசையவில்லை. மூன்று தடவை முதலிலிருந்து ஓட்டினான். மேசைக்கும் சமையலறைக்குமாக நடந்தான். அடுப்பை அணைத்தோமா என்று இரண்டு முறை போய்ப் பார்த்தான். பற்றவைக்கவே இல்லை.

நான்கு இருபதுக்கு மச்சான் அழைத்தார். அவளுடைய அண்ணன், அந்த இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவர்.

"என்ன மாப்ள, எத்தனை வந்துச்சு?"

"ஒண்ணும் வரல. லைன் செத்துப்போச்சு போல."

"லைன் நல்லாத்தான் இருக்கு. உங்க ஸ்கிரிப்ட் எதுக்காக உட்கார்ந்திருக்கு?"

"டாலருக்கு."

"அவகிட்ட போய் டாலர் கேட்டா எப்படி? திரையைப் பாருங்க."

பார்த்தான். இருபது நிமிடமாக அங்கேதான் இருந்திருக்கிறது. டாலர் வர வேண்டிய இடத்தில், ஆங்கில எழுத்தில்: சொல்லுங்க. அவன் போன் செய்தால் அவள் எடுத்ததும் சொல்வது. டாலருக்குப் பதிலாக அதையே இங்கும் மாற்றி வைத்திருக்கிறாள்.

ஸ்கிரிப்டில் டாலரை எடுத்துவிட்டு அதைப் போட்டான். பிடித்துக்கொண்டது. சொல்லுங்க, ஒரு கோப்பு. சொல்லுங்க, இன்னொன்று. நூறைத் தாண்டியும் அவனால் உட்கார முடியவில்லை. நூற்று எழுபதில் கொஞ்சம் நின்றது. அவனும் நின்றான். மறுபடி ஓடியது.

நான்கு ஐம்பத்தேழுக்குக் கடைசிக் கோப்பு இறங்கியது. சரியாக வந்திருக்கிறதா என்று ஒன்றைத் திறந்தான். "தவறான எண். மறுபடி முயலவும்," என்றாள். மூடினான். மச்சான் மறுபடி அழைத்தார்.

"முடிஞ்சுதா மாப்ள? வெளிய வந்துருங்க, அணைச்சிர்றேன்."

திரையில் மறுபடி சொல்லுங்க. பக்கத்தில் கர்சர் துடித்தது. அனுப்ப ஸ்கிரிப்டில் ஒன்றும் மிச்சமில்லை.

"இன்னும் மூணு நிமிஷம் இருக்குல்ல?"

"இருக்கு. எதுக்கு?"

"சொல்லுங்கன்னு கேட்டுட்டு இருக்கா."

மச்சான் போனை வைக்கவில்லை. இயந்திரத்தை அணைக்கவும் இல்லை.