ஆறு நிமிடம் முந்திய மாலை

பலெர்மோ நகரின் லிபெர்த்தாப் பகுதியில், நான்காம் மாடி வீடொன்றின் வாசிப்பறையில், பகல் ஒன்றரை மணிக்கு இருட்டிவிடும். பக்கத்து அறைகளில் வெயில் தரையைச் சுட்டுக்கொண்டிருக்க, இந்த அறையில் மேசையின் விளிம்புகூடத் தெரியாது. கோடையில், இத்தாலிக்காரர் மணிக்கூட்டை முன்னே தள்ளியபின், மூன்று மணிக்கு இருட்டும். வீட்டுக்காரச் சிஞ்ஞோரா மூன்று மின்வேலைக்காரரை அழைத்துப் பார்த்தார். யன்னற் கதவுகளை இரண்டு தரம் மாற்றினார். பிறகு அந்த அறையை முற்பகலில் மட்டும் துடைக்கும்படி வேலைக்காரிகளுக்குச் சொல்லிவிட்டு, வேறு கவலைகளுக்குப் போய்விட்டார்.

1994 கார்த்திகையில் அங்கே வேலைக்குச் சேர்ந்த செலஸ்ரீனா இரண்டாம் நாளே காரணத்தைக் கண்டுபிடித்தாள். அவள் மன்னார் பேசாலையைச் சேர்ந்தவள். ஊருக்குத் தொலைபேசி எடுக்கிறவர்களின் தலைக்குள் எப்போதும் இரண்டு மணிக்கூடுகள் ஓடும். இங்கே ஒன்றரை என்றால் அங்கே ஆறு. அந்த அறையில் ஊரின் மாலை நடந்துகொண்டிருந்தது. அலுமாரியைத் திறந்தாள். மேல்தட்டில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மண்டையோடு. இருட்டு அதன் கண்குழிகளிலிருந்து புகைபோல இறங்கியது. நெற்றியில் கறுப்பு மையால் மூன்று விடயங்கள் எழுதப்பட்டிருந்தன: சிலோன், ஆண், 1886. சிஞ்ஞோராவின் பாட்டன் கப்பல் வைத்தியராக இருந்தவர், கிழக்கே போன இடமெல்லாம் எதையாவது எடுத்து வந்தவர். ஒரு மனிதனின் நெற்றியில் எழுத இடமிருந்தும், அவனுடைய பெயரைக் கேட்டு எழுத அவருக்குத் தோன்றவில்லை.

சிஞ்ஞோரா வீட்டை விற்க நினைத்திருந்தார். பகலில் இருட்டுகிற வீட்டை யார் வாங்குவார்? "உன் நாட்டுக்காரர்தானே, கொண்டு போ" என்றார், பழைய திரைச்சீலையைக் கொடுப்பதுபோல. நத்தார் கேக் வந்த பெட்டியில் வைத்து செலஸ்ரீனா பஸ்ஸில் ஏறினாள். பாதி வழியில் ஒன்றரை ஆனது. பஸ்ஸின் பின்பக்க நான்கு வரிசைகள் இருண்டன. ஒரு கிழவி சிலுவை போட்டுக்கொண்டாள். மற்றவர்கள் தங்கள் தரிப்பிடத்தில் இறங்கிப் போனார்கள்.

அவளுக்கு ஒரு தம்பி இருந்தான், அகஸ்ரின். 1990இல், பத்தொன்பது வயதில், இராமேஸ்வரம் போகும் படகொன்றில் ஏறினான். படகு போய்ச் சேரவில்லை, திரும்பியும் வரவில்லை. புதைக்க ஒன்றும் கிடைக்காததால், நாலு வருடமாக அவனுக்கு இழவும் இல்லை, முப்பத்தோராம் நாளும் இல்லை. மண்டையோடு அகஸ்ரினுடையது அல்ல என்று அவளுக்குத் தெரியும். 1886ஐ அவளால் வாசிக்க முடியும். ஆனால் இது மன்னார் எலும்பு என்று அவள் முடிவு கட்டினாள். மன்னார் எலும்பு ஒன்றைத் தம்பியின் பெயரில் மண்ணுக்குள் வைத்தால் போதும், அழுது முடிக்கலாம்.

கபோச் சந்தைக்கு மேலே இருந்த அவளுடைய ஒற்றை அறைக்கு ஞாயிறு தோறும் ஆட்கள் வந்தார்கள். மெழுகுதிரி கொளுத்தினார்கள், செபமாலை சொன்னார்கள். அவளுடைய சித்தியின் மகன் கொட்வின், சியாகுல்லியில் மந்தரீன் தோடம்பழத் தோட்டத்தில் வேலை செய்தவன், பெட்டியைப் பார்த்துச் சொன்னான்: "அக்கா, இவருக்குத்தான் முதல்ல வதிவிடப் பெர்மெசோ குடுக்க வேணும். நூறு வருசத்துக்கு மேல இஞ்சை இருக்கிறார், ஒரு நாளும் வேலைக்குப் பிந்தினதில்லை." எல்லாரும் சிரித்தார்கள், செலஸ்ரீனாவும்தான். பெரிய வியாழனுக்கு முன் அடக்கம் என்று தீர்மானமானது.

பங்குனியில், பகலும் இரவும் சமமாக வரும் நாளில், கோபாலசிங்கம் துக்கம் கேட்க வந்தார். யாழ்ப்பாணத்துச் சைவர், விரதங்களுக்காகப் பஞ்சாங்கம் வைத்திருப்பவர், கிழவர் ஒருவரைக் குளிப்பாட்டி உணவூட்டுவது அவருடைய வேலை. இருட்டு விழுந்தபோது கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த நாளும் வந்து பார்த்தார். மூன்றாம் நாள் வாயைத் திறந்தார்.

"பிள்ளை, இவர் மன்னார் ஆள் இல்லை. மன்னாரில இண்டைக்குப் பொழுது படுறது ஆறு இருபத்தொண்டுக்கு. இவருக்கு ஆறு பதினைஞ்சுக்குப் படுகுது."

"ஆறு நிமிசத்துக்காக ஒரு மனுசனை ஊர் மாத்துறியளோ அண்ணை? உங்கடை மணிக்கூடு பிழை."

"ஆறு நிமிசம் எண்டால் நூறு மைல், பிள்ளை. கிழக்கை நூறு மைல்."

இலங்கைப் படத்தை விரித்து, மன்னாருக்குக் கிழக்கே நூறு மைலில் மேலிருந்து கீழாக ஒரு கோடு கீறினார். கோடு வாகரைக் கரையில் கடலைத் தொட்டது. கூட வந்திருந்த அவருடைய மனைவி இந்திராதேவி, மூதூர்க்காரி, அந்த இடத்தில் விரலை வைத்து, "அந்தக் குழி!" என்றாள். அவளுடைய தமையன் அங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். கரையோர வேடர்களின் இடுகாட்டில் மூடாத குழி ஒன்று இருப்பதாகவும், இரவு பத்தே முக்கால் வரைக்கும் அதற்குள் வெயில் நிற்பதாகவும் அவர் விடுமுறைக்கு வரும்போது சொல்வார். வீட்டில் அதைப் பகிடியாகக் கேட்பார்கள். அங்கே இரவு பத்தே முக்கால் என்றால் பலெர்மோவில் ஆறேகால், பொழுது படும் நேரம்.

"வேடன்ரை மண்டைக்கோ நாங்கள் மூண்டு மாசமா மெழுகுதிரி கொளுத்தினது?" என்றான் கொட்வின். சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பையும் எழுதித்தான் ஆகவேண்டும். சந்தைக்காரர் தங்களையெல்லாம் துருக்கியர் என்று ஒரே சொல்லால் கூப்பிடுவதை வருடக்கணக்காக ஏசியவர்கள்தான் அன்று சிரித்தார்கள். இவர் யாருடைய ஆள் என்று மூன்று மாதத்தில் ஒருவர்கூடக் கேட்டிருக்கவில்லை.

"ஆராயிருந்தாலும் நான் குடுக்க மாட்டன்" என்றாள் செலஸ்ரீனா. வைகாசியில் இந்திராதேவி தமையனுக்குக் கடிதம் எழுதினாள். செலஸ்ரீனா தடுக்கவில்லை, கிழக்கில் நடந்த சண்டைக்குள் கடிதம் போய்ச் சேராது என்று நம்பினாள். அடக்கத்துக்கு மூன்று முறை நாள் குறித்தாள், மூன்று முறையும் தள்ளிப்போட்டாள். வேலையில்லாத நாட்களில் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து மணிக்கூட்டைப் பார்ப்பாள். முதலில் அவருடைய ஊர் இருண்டது. ஆறு நிமிடம் கழித்து மன்னார் இருண்டிருக்கும். அந்த ஆறு நிமிடமும் அவளால் அவரைத் தம்பி என்று கூப்பிட முடியவில்லை. 1996இல் கொழும்பு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. மண்டையோடு அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

பதின்மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. மாரிப்பிள்ளை என்ற பெண் சொல்லச் சொல்ல, இந்திராதேவியின் தமையன் எழுதியிருந்தார். புதைத்த மூன்றாம் நாள் வெள்ளைக்காரன் தோண்டி எடுத்துப் போனது தன் பூட்டனின் தலை என்று அவள் சொன்னாள். அவருடைய பெயர் வன்னியன். தலை திரும்பி வரும் என்று குழியை மூடாமல் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் மாரி மழை மண்ணைக் கொண்டுவந்து நிரப்பும்; ஒவ்வொரு வருடமும் அள்ளி வெளியே போடுவார்கள். அவளுடைய தகப்பன் அள்ளினார், தமையன் அள்ளினான். தமையனை இராணுவம் பிடித்துக்கொண்டு போனபின் அவள் அள்ளுகிறாள். கடைசி வரி இப்படி இருந்தது: "இவ்வளவு நாளும் வச்சிப் பார்த்ததுக்குப் பெரிய உபகாரம், தங்கச்சி. எனக்கும் கை ஏலாமப் போகுது. அனுப்பி விடுங்க."

செலஸ்ரீனா கடிதத்தை மடித்தாள், விரித்தாள், திரும்ப மடித்தாள். பிறகு கொட்வினைக் கூப்பிட்டு, "வன்னியனுக்கு ஒரு நல்ல பெட்டி வாங்கிக்கொண்டு வா" என்றாள். அவள் அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது அதுவே முதல் தடவை. கொட்வின் பகிடி ஒன்றும் விடாமல் போனான்.

தூதரகம் இறந்தவரின் கடவுச்சீட்டைக் கேட்டது. இறப்புச் சான்றிதழையும் கேட்டது. கடைசியில், 1997இல், மட்டக்களப்புக்குப் போன பாதர் ஒருவர் பூசைப் பாத்திரங்களோடு கொண்டுபோனார். விமானத்தின் ஒரு மூலையில் மட்டும் பொழுது முந்திப் பட்டது என்றும், சாப்பாடு கொண்டுவந்த பெண் அங்கே ஒரு போர்வை வைத்துவிட்டுப் போனாள் என்றும் எழுதினார். ஆவணியில் வன்னியனைப் புதைத்தார்கள். குழி மற்ற நிலத்தோடு சேர்ந்து இருண்டது. மாரிப்பிள்ளை அன்றிரவு நித்திரை கொண்டாளாம், இரண்டு நாள் எழும்பவில்லையாம்.

கபோவில் செலஸ்ரீனாவின் அறைக்கு முழுப் பகலும் கிடைத்தது. யன்னலுக்குக் கம்பளி கட்டி அவள் அதை மறைத்தாள். வேலைக்குப் போனாள், வந்தாள், ஒருவரோடும் கதைக்கவில்லை. கல்லறைத் தோட்டத்துக் காரியாலயத்தில் போய்த் தம்பிக்கு ஒரு குழி கேட்டாள். உடல் இல்லாமல் நிலம் கொடுக்க முடியாது என்றார்கள், மரியாதையாகத்தான். ஐப்பசியில் ஒரு ஞாயிறு சியாகுல்லிக்குப் போய், கொட்வினிடம் மண்வெட்டி வாங்கி, தோட்டத்தின் மேட்டுப் பக்கத்தில், ஆள் நீளத்துக்கு ஒரு குழி வெட்டினாள்.

"அக்கா, என்ன வைக்கப் போறாய்?"

"ஒண்டும் இல்லை. வாறவன் வரட்டும்."

மூன்றாம் ஞாயிறு குழியில் தண்ணீர் நின்றது. மழை பெய்திருக்கவில்லை. கொட்வின் நாக்கில் வைத்துப் பார்த்தான், உப்பு. தண்ணீர் நாளுக்கு இரண்டு தரம் முழங்கால் அளவு ஏறி, இரண்டு தரம் இறங்கியது. பலெர்மோக் கடலுக்கு அப்படி ஏற்றவற்றம் இல்லை, பேசாலைக்கு உண்டு. செலஸ்ரீனா குழியின் ஓரத்தில் இருந்து, கால்களைத் தண்ணீருக்குள் விட்டு, ஏழு வருடத்து அழுகையை அழுதாள். தோட்டத்தில் பழம் பறித்துக்கொண்டிருந்தவர்கள் அவள் முடிக்கும் வரைக்கும் மற்றப் பக்கத்து வரிசைகளில் பறித்தார்கள்.

தோட்டத்துச் சொந்தக்காரரும் வந்து பார்த்தார். தண்ணீரைத் தொட்டுச் சுவைத்துத் துப்பினார். உப்பு மரத்துக்கு ஆகாது என்றார். அடுத்த கிழமை, குழியை அப்படியே விட்டுவிட்டு, அதற்குக் கிட்ட நின்ற இரண்டு மந்தரீன் மரங்களை வேரோடு கிளப்பி, தள்ளி மேல் வரிசையில் நட்டார்.